அந்தக் காலத்தில் கைத்தொழில் எப்படிக் கைமாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காலக் கைத்தொழில் என்று பேச்செடுத்தாலே, "அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுப்பார், வெளியாளிடம் மூச்சு விடமாட்டார்கள், குடும்பம் அழிந்தால் வித்தையும் அதோடு போய்விடும்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிக் கதை எகிப்திய மணலில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களிலும், பாபிலோனியக் களிமண் பலகைகளிலும், சீன மூங்கில் பட்டைகளிலும் இருக்கிறது. அவற்றைப் படித்தால், தொழில் கற்றுக்கொடுப்பது என்பது சோறு, துணி, கூலி, லீவு, அபராதம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடிக்கிற ஏற்பாடாகவும் இருந்தது தெரிகிறது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதுதானே வழக்கம்?

பெரும்பாலும் அப்படித்தான். குயவர் வீட்டுப் பிள்ளைக்குக் களிமண்தான் விளையாட்டுச் சாமான், அதற்கு யாரும் பத்திரம் எழுதப்போவதில்லை, அதனால் வீட்டுக்குள் நடந்த கல்விக்கு எழுத்துச் சான்று குறைவு. ஆனால் ஒரு தொழிலைக் கற்றுத் தருவது அப்பாவின் கடமை என்ற எண்ணம் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் சோலோன் என்ற ஆட்சியாளர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் சட்டம் ஒன்று, மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுத்தராத அப்பாவை முதுமையில் அந்த மகன் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது. ரொம்ப நேரடியான கணக்கு.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்று ஓர் ஊர், அங்கே டிரைஃபோன் என்ற நெசவாளி இருந்தார். பரம்பரை நெசவுக் குடும்பம். கி.பி. 66இல் அவர் தன் மகன் தோனிஸைத் தன் தறியில் உட்காரவைக்காமல், தாலமி என்ற வேறொரு நெசவாளியிடம் ஒரு வருடத்துக்குத் தொழில் பழக விட்டார். நெசவாளி மகன், நெசவு கற்க, இன்னொரு நெசவாளி வீட்டுக்குப் போகிறான்! இது டிரைஃபோன் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. அதே ஊரில் வேறு நெசவுக் குடும்பங்களும் இப்படிப் பிள்ளைகளை அடுத்தவர் பட்டறைக்கு அனுப்பியிருக்கின்றன.

ஏன் அனுப்பினார்கள்? டிரைஃபோன் விஷயத்தில் ஒரு காரணத்தை ஊகிக்கலாம். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியதால் கி.பி. 52இலேயே அவருக்கு அரசுக் கடமையிலிருந்து விலக்கு கிடைத்திருந்தது. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களில், ஓர் இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டிய தொழிலில், மங்கிய கண்ணோடு மகனுக்கு எவ்வளவு சொல்லித்தர முடியும்? தவிர, சொந்த அப்பா திட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பையன் அடுத்தவர் பட்டறையில் ஒழுங்காக இருப்பான் என்பது எந்தக் காலத்திலும் பெற்றோருக்குத் தெரிந்ததுதான். இந்த இரண்டாவது காரணம் முழுக்க என் ஊகம்.

அந்த ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பையன் ஒரு வருடம் தாலமியிடம் வேலை செய்ய வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும். சோறும் துணியும் அப்பா பொறுப்பு. ஆனால் சாப்பாட்டுச் செலவுக்கென்று தாலமி மாதம் 5 திராக்மாவும் (அங்கே வழங்கிய நாணயம்), வருடக் கடைசியில் துணிக்கென்று 12 திராக்மாவும் தர வேண்டும். பையன் எத்தனை நாள் வராமல் போகிறானோ அத்தனை நாளைத் தவணை முடிந்த பிறகு சேர்த்து வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு ஒரு திராக்மா அபராதம். அப்பா பாதியில் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் 100 திராக்மா தண்டம், அதோடு அரசுக் கருவூலத்துக்கு இன்னொரு 100. தாலமி சரியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவருக்கும் அதே தண்டம்.

100 திராக்மா என்றால் எவ்வளவு பெரிய தொகை? இதே டிரைஃபோன் 12 வருடம் முன்னால், கி.பி. 54இல், ஒரு தறியை 20 திராக்மாவுக்கு வாங்கிய பத்திரமும் கிடைத்திருக்கிறது. ஆக, பையனைப் பாதியில் நிறுத்தினால் ஐந்து தறியின் விலை போச்சு, கருவூலத்துக்குக் கட்டுவது தனி.

சரி, இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் நெசவைப் பற்றி என்ன எழுதினார்கள்? ஒரே ஒரு சொற்றொடர். நெசவுத் தொழில் முழுவதையும், "தனக்குத் தெரிந்தபடி", கற்றுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பாவு ஓட்டுவது எப்படி, குறுக்கே ஓட்டும் ஊடையை எவ்வளவு இறுக்கி அடிப்பது, எதுவும் கிடையாது. இன்னொரு விஷயம், ஆசிரியரான தாலமிக்கு எழுதத் தெரியாது. அவருக்காக வேறொருவர்தான் பத்திரத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார், அதையும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தொழில்கல்வியை எனக்குப் புரியவைத்தது இந்த ஒரு தாள்தான். கூலியும் தண்டமும் எழுத்தில் இருக்கின்றன, தொழில் எழுதத் தெரியாத ஒருவரின் கையில் இருக்கிறது.

காசு யார் யாருக்குக் கொடுத்தார்கள்? ஆசிரியருக்குக் கட்டணம் உண்டா?

தொழிலைப் பொறுத்தது. நெசவு மாதிரி இடத்தில் பையன் கொஞ்ச நாளிலேயே எடுபிடி வேலைக்குப் பயன்படுவான், அதனால் ஆசிரியர்தான் காசு தருகிறார். தோனிஸ் கதை அதுதான். கற்கிற காலத்தில் ஒரு பயனும் இல்லாத தொழில் என்றால் நிலைமை தலைகீழ். கி.பி. 155இல் அதே ஊரில் ஓர் அடிமைப் பையனைச் சுருக்கெழுத்துக் கற்க இரண்டு வருடம் அனுப்பினார்கள், கட்டணம் 120 திராக்மா. முதல் 40 உடனே, அடுத்த 40 குறியீடுகள் எல்லாம் மனப்பாடமான பிறகு, கடைசி 40 அவன் வேகமாக எழுதவும் பிழையில்லாமல் திருப்பிப் படிக்கவும் தேறிய பிறகு. வேலை முடிந்தால்தான் மீதிப் பணம் என்று வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் நாம் பேசுவது போலவே இருக்கிறது.

இதைவிடப் பழைய சான்று உண்டா?

உண்டு. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத்தில் 188, 189ஆம் பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. ஒரு கைவினைஞர் அடுத்தவர் பிள்ளையை வளர்க்க எடுத்துத் தன் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால், பெற்றவர்கள் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கேட்க முடியாது. கற்றுக்கொடுக்காவிட்டால், பிள்ளை தன் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம். அதாவது, பிள்ளை மீது வளர்த்தவருக்கு உரிமை வருவதே தொழிலைக் கொடுத்ததால்தான்.

எழுத்து இல்லாத காலத்துக்கும் போகலாம். பாரிஸுக்குத் தெற்கே எத்தியோல் என்ற இடத்தில், 12,000 ஆண்டுகளுக்கும் முந்தைய முகாம்களில், கல்லாயுதம் செதுக்கியபோது தெறித்த சில்லுகளை ஆய்வாளர்கள் பொறுக்கி, உடைந்த பாத்திரத்தை ஒட்டுவது போல ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தவை நல்ல கல்லில் தேர்ந்த கை செதுக்கியவை, தள்ளிப் போகப் போகக் கிடந்தவை தப்பும் தவறுமான அடிகள். பழகுகிறவர்கள் ஓரமாக உட்கார்ந்து, மட்டமான கல்லில் கை பழகியிருக்கிறார்கள்.

பையன் முதல் நாள் என்ன செய்வான்?

பார்ப்பான். கிரேக்கக் குயவர்களின் பிள்ளைகள் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் எவ்வளவோ காலம் கூடமாட வேலை செய்துகொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பிளேட்டோ குறிப்பிடுகிறார், எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்கிற தொனியில்.

பார்த்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு எகிப்தில் தேர் எல்-மெதினா என்ற ஊர் நல்ல சான்று. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து, ஓவியம் தீட்டிய தொழிலாளிகள் குடும்பத்தோடு குடியிருந்த ஊர் அது, சுமார் கி.மு. 1550 முதல் 1070 வரை. அங்கே சுண்ணாம்புக் கல் சில்லுகளும் பானை ஓடுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாப்பிரஸ் விலை அதிகம், கல் சில்லு காலடியில் கிடக்கும், அதனால் கணக்கு, கடிதம், படம் எல்லாம் அதில்தான். தேர்ந்த கை வரைந்த ஓர் உருவத்தைப் பார்த்து நடுங்குகிற கை திரும்ப வரைந்த சில்லுகள் இருக்கின்றன. முதலில் சிவப்பு மையில் வரைந்து, அப்புறம் மேலேயே கறுப்பில் திருத்திய கோடுகளும் தெரிகின்றன.

அளவுக்கு ஒரு சட்டகம் வைத்திருந்தார்கள். நிற்கிற மனித உருவம் உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். கட்டம் போடத் தெரிந்துவிட்டால், சின்னச் சில்லில் வரைந்ததைப் பெரிய சுவரில் அதே அளவொழுங்கில் ஏற்றலாம், ஒரே சுவரில் நாலு பேர் வேலை செய்தாலும் உருவம் ஒருவர் கையில் வந்தது போல இருக்கும். இது நினைவில் வைக்கக்கூடிய, சொல்லிக்கொடுக்கக்கூடிய பகுதி. ஆனால் கோடு ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வருவதற்குக் கட்டம் உதவாது, அதற்கு நூறு சில்லு வரைந்து பார்ப்பது தவிர வேறு வழி இல்லை.

எதையுமே எழுதி வைக்கவில்லையா?

வைத்தார்கள், கொஞ்சம். நினிவே நகரில் அசிரிய மன்னர் அசுர்பனிபாலின் நூலகத்தில் (கி.மு. 7ஆம் நூற்றாண்டு) கண்ணாடி செய்யும் முறை எழுதிய பலகைகள் இருந்தன. உலை கட்ட நல்ல மாதத்தில் நல்ல நாள் பார்க்க வேண்டும், அந்நியர் உள்ளே வரக்கூடாது, தீட்டுள்ளவர் எதிரே நடக்கவும் கூடாது, ஆடு பலி கொடுக்க வேண்டும் என்று தொடங்குகிறது. பிறகு விறகு. பருத்த, கணு இல்லாத பாப்ளர் மரம், பட்டை உரித்தது, ஆபு என்ற கோடை மாதத்தில் வெட்டியது. அப்புறம்தான் அளவு வருகிறது. 10 மினா (அந்தக் காலத்து எடை அளவு) கல்லை அரைத்து, 15 மினா செடிச் சாம்பலோடு கலக்க வேண்டும். புகையில்லாத நல்ல தீ எரிய வேண்டும், கலவை ஒளிரும் வரை. ஆறவைத்து, மறுபடி அரைத்து, மறுபடி உலையில் வைத்துப் பொன் மஞ்சளாக ஒளிரும் வரை.

சிலர் இதில் சடங்கு பாதி, சமையல் குறிப்பு பாதி என்று சடங்குப் பகுதியைத் தள்ளிவிட்டுப் படிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டை உரித்த, கணு இல்லாத, கோடையில் வெட்டிய விறகு என்பது புகையில்லாத தீக்கு உதவும் விறகு. நாள் பார்ப்பதும் ஆளை ஒதுக்குவதும் உலையருகே கூட்டமும் கவனச்சிதறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும். செய்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

ஆனாலும் பாருங்கள், "பொன் மஞ்சள்" என்பது எந்த மஞ்சள்? நம் வீட்டில் "பச்சை வாசனை போகும் வரை வதக்கு" என்று சொல்வது போலத்தான். ஏற்கெனவே உலை முன்னால் நின்றவருக்கு அது தெளிவான குறிப்பு, புதிதாக வருகிறவருக்கு ஒன்றுமே இல்லை. பிற்கால எகிப்தில், கி.பி. 300ஐ ஒட்டி எழுதப்பட்டு இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாப்பிரஸில் சாயம் ஏற்றவும் போலி ரத்தினம் செய்யவும் 150க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. அவற்றிலும் இதே நிலைதான்.

எழுதத் தெரிந்தவர்கள் பட்டறைப் பக்கம் போகாததும் ஒரு காரணம். எகிப்திய எழுத்தர் பள்ளியில் பையன்கள் படி எடுத்த ஒரு புகழ்பெற்ற பாடம், செம்புக் கொல்லனின் விரல் முதலைத் தோல் மாதிரி இருக்கும், அவன் மீன் முட்டையைவிட மோசமாக நாறுவான் என்று கற்றுக்கொடுக்கிறது. இப்படிப் படித்து வளர்ந்தவன் கொல்லனிடம் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதுவானா?

ரகசியமாக வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான், சில தொழில்களில். எகிப்தில் சுமார் கி.மு. 2000ஐ ஒட்டி வாழ்ந்த இர்திசென் என்ற கலைஞரின் நினைவுக்கல் இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நெருப்பில் எரியாத, நீரில் கரையாத வண்ணம் செய்யத் தனக்குத் தெரியும், அதைத் தனக்கும் தன் மூத்த மகனுக்கும் தவிர யாருக்கும் வெளிப்படுத்துவதில்லை, மகனுக்குச் சொல்வதும் கடவுளின் ஆணை என்று அதில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். கவனியுங்கள், ரகசியம் இருக்கிறது என்பதை ஊரறியக் கல்லில் வெட்டி வைக்கிறார்! ரகசியம் இருப்பது தெரிந்தால்தான் மதிப்பு.

ஜெருசலேம் கோயில் கதை இன்னும் சுவையானது. கோயிலில் படைக்கும் சிறப்பு அப்பத்தைச் சுடும் வித்தை கார்மு என்ற குடும்பத்திடம் மட்டும் இருந்தது, யாருக்கும் கற்றுத்தர மறுத்தார்கள். பெரியவர்கள் கோபப்பட்டு அலெக்சாண்டிரியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களுக்குச் சுடத் தெரிந்தது, கார்மு வீட்டார் போல அடுப்பிலிருந்து எடுக்கத் தெரியவில்லை, அப்பமும் பூசணம் பிடித்தது. கடைசியில் கார்மு குடும்பத்தையே திரும்பக் கூப்பிட, அவர்கள் கூலியை இரட்டிப்பாக்கினால்தான் வருவோம் என்றார்கள், கிடைத்தது. யூத மரபு நூல்கள் சொல்லும் கதை இது. ஏன் கற்றுத்தரவில்லை என்று கேட்டபோது, கோயில் ஒரு நாள் அழியும், தகாத ஒருவன் கற்றுக்கொண்டு வேறு தெய்வத்துக்கு இதைச் செய்துவிடுவான் என்று எங்கள் முன்னோர் அஞ்சினார்கள் என்றார்களாம்.

அடிமைகளுக்கு ஏன் தொழில் கற்றுக்கொடுத்தார்கள்?

தொழில் தெரிந்த அடிமைக்கு விலையும் வருமானமும் அதிகம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில், சைரஸ் மன்னர் காலத்தில், பாபிலோனில் நுப்தா என்ற பணக்காரப் பெண்மணி தன் கணவரின் அடிமையை ஒரு நெசவாளியிடம் ஐந்து வருடத்துக்கு விட்ட பலகை இருக்கிறது. முழு நெசவுத் தொழிலையும் சொல்லித்தர வேண்டும், தராவிட்டால் தினக் கூலி கணக்கில் தானியமாக ஈடு கட்ட வேண்டும். தோனிஸுக்கு ஒரு வருடம், இவனுக்கு ஐந்து. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாமல் வந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன். ஐந்து வருடமும் கற்றுத் தேறி, கடைசியில் அந்தக் கை அவனுக்குச் சொந்தமில்லை என்பதைப் படிக்கும்போது மனது கனத்துப் போகிறது.

பெண்கள்?

ஒப்பந்தங்களில் சுதந்திரமான பெண் பிள்ளைகள் அரிதாகத்தான் வருகிறார்கள், ஏனென்றால் நூற்பும் நெசவும் பெரும்பாலும் அம்மாவிடமே கற்றவை. அடிமைச் சிறுமிகள் வருகிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெர்முதியோன் என்ற சிறுமியை நாலு வருடம் நெசவுக்கு விட்டார்கள். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை வேலை, வருடத்தில் திருநாள் லீவு 18 நாள். கூலி முதல் வருடம் மாதம் 8 திராக்மா, அப்புறம் 12, 16, 20. வருடா வருடம் கை எவ்வளவு தேறும் என்று அவர்கள் போட்ட கணக்கு அந்த எண்களில் தெரிகிறது. அந்தக் கூலி அவள் கைக்குப் போகவில்லை, எஜமானிக்குப் போனது.

இதைவிட இரண்டாயிரம் வருடம் முந்தையது அசிரிய வணிகர்களின் கடிதங்கள். இன்றைய துருக்கியில் கனேஷ் என்ற ஊரில் வியாபாரம் செய்த ஆண்கள், அசூர் நகரில் துணி நெய்த பெண்களுக்கு எழுதியவை. வக்குர்தும் என்ற பெண்ணுக்கு வந்த கடிதத்தில், நீ அனுப்பிய மெல்லிய துணி போலவே செய், ஆனால் ஒரு துணிக்கு ஒரு மினா கம்பளி கூடச் சேர், மெல்லிசாகவே இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வாரிவிடு, நீளம் 9 முழம், அகலம் 8 என்று வரிசையாகச் சொல்கிறார்கள். சந்தைக்கு என்ன வேண்டும் என்பது கடிதத்தில் போயிருக்கிறது. கம்பளியைக் கூட்டியும் துணியை மெல்லிசாக வைப்பது எப்படி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை, அது வக்குர்துமின் பாடு.

அரசாங்கம் தலையிட்டதா?

சீனாவில் ரொம்பவே. 1975இல் ஹூபே மாகாணத்தில், கி.மு. 217இல் இறந்த சின் என்ற பழைய சீன அரசின் அதிகாரி ஒருவரின் கல்லறையிலிருந்து 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. புதிதாகச் சேர்ந்த தொழிலாளி முதல் வருடம் பாதி வேலை முடித்தால் போதும், இரண்டாம் வருடம் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்ய வேண்டும் என்கிறது அதிலுள்ள சட்டம். முன்பே பழக்கமுள்ளவன் ஒரு வருடத்தில் தேற வேண்டும், புதியவன் இரண்டு வருடத்தில். சீக்கிரம் தேறினால் பரிசு, தேறாவிட்டால் பெயரை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார்கள்.

ஒரு நாட்டுத் தொழில் இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போனது?

ஆளோடு போனது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹத்துசிலி பாபிலோன் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சிற்பியை அனுப்புங்கள், வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறேன், போன தடவை வந்தவரைத் திருப்பி அனுப்பினேனே என்கிறார். கேட்டு வாங்க முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கி.மு. 597இல் பாபிலோன் மன்னர் நெபுகாத்நேச்சர் ஜெருசலேமிலிருந்து நாடு கடத்தியவர்களில் கைவினைஞரும் கொல்லரும் ஆயிரம் பேர் என்று விவிலியம் சொல்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஏதாவது உண்டா?

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலைச் சொல்வேன். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று அணிகலன்களுக்காகப் பாராட்டும் ஊர். அகழாய்வில் கல்மணிகள் பிசிறோடு, பாதி முடிந்தபடி, முழுதும் முடிந்தபடி என்று எல்லா நிலையிலும் கிடைத்தன, இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் (உலோகம் உருக்கும் மண் கிண்ணங்கள்) கிடைத்தன. மண் மூசைக்குள் இரும்பை மரத்துண்டு, இலை போன்றவற்றோடு அடைத்து மூடி, உலையில் நெடுநேரம் வைத்து உருக்கு, அதாவது எஃகு, எடுக்கும் முறை தென்னிந்தியாவில் 19ஆம் நூற்றாண்டு வரை நடந்தது, ஐரோப்பியப் பயணிகள் நேரில் பார்த்து எழுதியும் இருக்கிறார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி அந்த உருக்குக் கட்டியைச் சோதித்து, 1819இல் அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று முடிவுசெய்தார். உண்மையான காரணம், இலையும் மரமும் கொடுத்த கார்பன். கட்டி லண்டன் வரை போயிருந்தது, மூசையை எப்போது உலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறவர் இங்கேயே இருந்தார்.